சென்சஸுக்குச் சொன்ன வீட்டுச் சங்கதி

10-2-81, செவ்வாய்

காலையில் நல்ல பனி. சைக்கிள் கடையில் மூன்று பஞ்சர், ஒரு பிரேக் கட்டை. மதகடிப்பட்டு முழுக்க சென்சஸ் பேச்சு. எதிரே நின்று ரைஸ் மில்காரர்: "கோழியக்கூட எழுதிக்கினு போய் வரி போடுவான். ஆளக் கணக்கெடுத்து ரேஷன வெட்டுவான். வாயத் தொறக்காதீங்கப்பா."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கொஞ்சம் கூடுதலாக. எட்டாவது படித்தவன் ஆட்டினால் ஒரு மதிப்பு.

என் கவலை கோழியில்லை. மகள் வசந்தா, புருஷனை விட்டு வந்தவள். ஆடிக்கு அழைத்து வந்ததாகத் தெருவில் சொன்னேன். தை முடியப்போகிறது. என் வீட்டில் மட்டும் இன்னும் ஆடி.

12-2-81, வியாழன்

கணக்கெடுக்கும் டீச்சரம்மா செயின் மாட்ட வந்தார். சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"சொல்றதெல்லாம் ரேஷன் ஆபீசுக்குப் போவுமா டீச்சர்?"

"போவாதுங்க. யாருக்கும் காட்டக் கூடாதுன்னு சட்டம். கோர்ட்லகூட சாட்சியா எடுக்க முடியாது."

"மில்லு கூலியாளுங்க இருக்கற லைன் வூட்ல எத்தினி பேருன்னு சொன்னாங்க?"

"பாத்தீங்களா? இதத்தான் சொல்லக் கூடாது."

அசடு வழிந்தேன். செயினுக்குக் காசு வாங்க மறந்தேன்.

மாலையில் காற்றடிக்க வந்த மில் கூலியாள் தானே சொன்னான்: "நெல்லு அவிக்க வந்தோம், குடி இல்லன்னு சொல்லச் சொல்லிட்டாருபா மொதலாளி. எழுதிட்டா எடம் எங்களுதாயிடுமாம்."

இடத்துக்கு உரிமை கேட்கவும் அந்த சென்சஸ் தாள் கோர்ட்டில் செல்லாதே! ஊரைப் பயமுறுத்தியவரும் பயந்தாங்கொள்ளிதான். ஊர் வாய் மூடினால் அவருக்கு லாபம். வேறு யாருக்கு? யோசித்தேன். எனக்கும்தான்.

14-2-81, சனி

மேகமூட்டம். கொசு. டீச்சரம்மா வீட்டுக்கு வந்தார். பெயர், வயது, படிப்பு. படிப்பில் வசந்தா என்னைவிட இரண்டு வகுப்பு மேல்.

"வசந்தாவுக்குக் கல்யாணம்?"

"ஆயிடுச்சிங்க. புருஷன் ஊர்ல கீறாரு. இவ சும்மா வந்துக்கீறா" என்றேன், சட்டமெல்லாம் தெரிந்த நான்.

அடுப்படியிலிருந்து வசந்தா கை துடைத்தபடி வந்தாள். "இல்ல டீச்சர். பிரிஞ்சி வந்துட்டேன். அப்பிடியே எழுதுங்க."

"மெதுவாடி, தெருவுக்கே கேக்குது" என்றாள் என் மனைவி.

"கேக்கட்டும்மா. நான் வந்து இத்தினி மாசத்துல இவங்கதான் என்னாண்ட ஒரு கேள்வி கேட்டவங்க."

டீச்சர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.

கடை திறக்கவில்லை. வசந்தா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாமா நடந்துச்சி?" என்றேன். ரொம்ப நேரம் பேசினாள்.

அதை இங்கே எழுத மாட்டேன்.