நடக்காத ஆபரேஷன்

1974 ஜனவரி 12, சனி

குளிரில் விரல் மடங்கவில்லை. இருந்தாலும் நாளைய ஆராதனைக்குப் பாட்டுப் பொறுக்கி முடித்தேன். இங்கே தில்லியில் எங்கள் தமிழ் ஆராதனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவள் நான். அதனால் எதைப் பாடுவது என்பதும் என் தலையில்தான். நம்பர்களை எழுதிக்கொண்டிருந்தபோது இவர் பின்னால் வந்து நின்று, "நாளைக்கு என்ன நம்பர்?" என்றார். சொன்னேன். வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம். பிரசங்கத்தில் இவர் கண் அயராத ஞாயிறு ஒன்றைக் காட்ட முடியாது. ஒரு மாதமாகத்தான் இப்படிச் சனிக்கிழமையே கேட்கிறார். பாட்டை முன்கூட்டியே படித்துப் பார்க்கிறாரோ? கேட்க நினைத்தேன். விதை முளைக்கிறதா என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பவள் உருப்பட மாட்டாள். விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 10, ஞாயிறு

வீட்டுக்குப் பிரஷர் குக்கர் வந்துவிட்டது! ஆபீஸில் அரியர்ஸ் கொடுத்தார்களாம். மகள் ஹெப்சி, பதினொரு வயதுக் கழுதை, காலையிலிருந்து வாயாலேயே விசில் அடித்துக்கொண்டு திரிகிறாள்.

சாயங்காலம் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். "அருமைநாயகம் குடும்பத்தார், பெற்ற நன்மைக்காக" என்று ஐயர் வாசித்தபோது முதுகு தானாக நிமிர்ந்தது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பாதிரியாருக்கு ஐயர் என்றுதான் பேர். விசாலாக்ஷி மாமிக்கு இதைக் கேட்டால் இன்னும் சிரிப்பு அடங்காது. இவர் ஆபீஸ் நண்பர் தட்சிணாமூர்த்தியின் மனைவி, நாலு பிளாக் தள்ளி லோதி ரோடு குவார்ட்டர்ஸிலேயே இருக்கிறார். "உங்க ஐயர் மீன் சாப்பிடுவாரோ?" என்பார். "எங்களைவிட நல்லாச் சாப்பிடுவார்" என்பேன்.

மார்ச் 6, புதன்

லெந்து என்ற தபசு காலம். ஈஸ்டர் வரைக்கும் புதன்கிழமையும் ஆராதனை உண்டு. அந்த நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஹெப்சியின் பள்ளி ஃபீஸ்தான் ஏனோ இன்னும் கட்டவில்லை. அடுத்த வாரம் என்கிறார்.

மார்ச் 24, ஞாயிறு

இன்று எனக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது.

மத்தியானம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனவர், போனவர்தான். கதவு தட்டும் சத்தம். ஈரக் கையோடு திறந்தால் தட்சிணாமூர்த்தி சாரும் மாமியும். சார் கையில் ஒரு பை சாத்துக்குடி, மாமி கையில் ஹார்லிக்ஸ்.

"ஐயையோ, நீ எதுக்கு எழுந்து வந்தே? பத்து நாள்கூட ஆகலையே, பச்சை உடம்பு!" என்றார் மாமி.

"என்ன மாமி?" என்றேன்.

"நாயகம் வாயைத் திறக்கவே இல்லை, பாருங்கோ. கர்ப்பப்பையையே எடுத்தாச்சுன்னு அப்ளிகேஷனைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். பி.எஃப். அட்வான்ஸ் பேப்பர் என் டேபிள் வழியாத்தானே போச்சு" என்றார் சார்.

எனக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது: இவர்கள் முன்னால் நான் 'எந்த ஆபரேஷன்?' என்று கேட்டால் நாளைக் காலை பத்து மணிக்கு இவர் வேலை போய்விடும். கை தானாக இடுப்புக்குப் போயிற்று. "ரொம்ப நேரம் நிக்க முடியல மாமி" என்றேன். போய்ப் படுத்துக்கொண்டேன்.

மாமி போர்வையை இழுத்து விட்டார். மடி ஆசாரம் பார்க்கிறவர், மீன் கிடந்த அடுப்படிக்குள் போய்ப் பால் காய்ச்சிக்கொண்டு வந்து கொடுத்தார். ஹெப்சி வாசல் நிலையில் நின்று, "மம்மி கோ க்யா ஹுவா?" என்றாள், எனக்கு என்னவாயிற்று என்று இந்தியில். நல்ல வேளையாக அவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அரை மணி நேரம் நோயாளியாகக் கிடந்தேன். வயிறு நிஜமாகவே வலித்தது.

மார்ச் 25, திங்கள்

கேட்டேன். மழுப்பவில்லை. ஆபீஸ் ஃபைல் வாசிப்பதுபோல உட்கார்ந்து சொல்லி முடித்தார். ஆபீஸுக்குப் பின்னால் ஒரு பான் கடை. அங்கே சட்டா. தினமும் ஒரு நம்பர் விழும், அதன்மேல் பணம் கட்டுவது. ஒரு வருஷமாகக் கட்டுகிறார். கையிலிருந்தது போய், கடன் வாங்கிக் கட்டினார். கடன் கொடுத்தவன் ஆபீஸ் வாசலுக்கே வர ஆரம்பித்ததும், மனைவிக்கு ஆபரேஷன் என்று எழுதி, காசு கொடுத்து ஒரு டாக்டர் சர்டிபிகேட்டும் வாங்கி வைத்து, பி.எஃப். பணத்தை எடுத்து அடைத்திருக்கிறார்.

"அதுக்குக் கர்ப்பப்பைதான் கெடச்சுதா? குடல்வால்னு எழுதியிருக்கலாம்லா?"

"குடல்வாலுக்கு அவ்வளவு ரூவா தர மாட்டாங்க."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"எந்த நம்பர்ல கட்டணும்னு எப்படித் தெரியும்?" சும்மாதான் கேட்டேன். அதுவரை கடகடவென்று சொன்னவர் தரையைப் பார்த்தார்.

"நீ சொல்லுவியே, கோயில் பாட்டு நம்பர். ஆண்டவருக்குள்ள நம்பர்லா... விழும்னு நெனச்சேன்."

"விழுந்துச்சா?"

"ஒரு தடவை. குக்கர் வாங்குனேன்லா, அது."

அரியர்ஸ் இல்லை. ஐயோ, அதற்கல்லவா காணிக்கை போட்டேன்! பேர் வாசிக்கும்போது நிமிர்ந்து வேறு உட்கார்ந்தேன். பதின்மூன்று வருஷ ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று அந்தச் சனிக்கிழமைகளில் எத்தனை சந்தோஷமாக இருந்தேன்! பணம் போனால் போகிறது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

இனிமேல் இவரிடம் பேசப் போவதில்லை.

ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு

திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற ஆராதனை. பாவத்தை மறைத்து வைத்துக்கொண்டு அந்த அப்பத்தில் கை வைக்கக் கூடாது. அது இவருக்கும் தெரியும், எழுந்திருக்கவில்லை. நான் போய் வாங்கிக்கொண்டேன். பாட்டு நம்பர் மாட்டிய பலகை பக்கமே பார்க்காமல் குனிந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் ஐயர், "நாயகத்துக்கு என்ன?" என்று கேட்டார். "தலைவலி" என்றேன். வாங்கிய ஈரம் நாக்கில் காயவில்லை, அதற்குள் ஒரு பொய்.

ஏப்ரல் 27

வீட்டில் பேச்சு ஹெப்சி வழியாக நடக்கிறது. "அப்பாவைச் சாப்பிடச் சொல்லு" என்றால், "பாப்பா, கானா" என்று அவரைப் பார்த்து இந்தியில் கத்துகிறாள். தமிழில் சொல் என்று அதட்டினேன். "அப்போ நீங்களே அப்பாகிட்ட போலோ" என்கிறாள்.

மே 20, திங்கள்

ரயில் ஸ்டிரைக். லீவுக்கு ஊருக்கு வர முடியாது என்று அம்மாவுக்கு எழுதிப் போட்டேன். டிக்கெட்டுக்குக் காசில்லை என்பதை ஸ்டிரைக் மறைத்துக் கொடுத்தது. ரயில் ஓடியிருந்தால்? ஹெப்சியைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கே போய், திரும்பி வராமல் இருந்திருப்பேனோ? தெரியவில்லை. இருந்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

நாள் தள்ளிப் போகிறது. மனக்கஷ்டத்தினால் இருக்கும்.

ஜூன் 15, சனி

மனக்கஷ்டம் இல்லை. மூன்று மாதம் என்றார் லேடி டாக்டர்.

கணக்குப் பார்த்தால், மார்ச்சில் இவர் அந்த அப்ளிகேஷனை எழுதிய சமயம். வீட்டை இடித்தாயிற்று என்று இவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், உள்ளே ஆள் குடிவந்திருக்கிறது.

ஹெப்சி மூலம் சொல்லக்கூடிய சமாசாரமா இது? சுவரைப் பார்த்துச் சொன்னேன். "ஆபரேஷன் பண்ணின வயித்துல பிள்ளை இருக்காம்."

அவர் சைக்கிள் சாவியைக் கீழே போட்டுவிட்டு, அதை எடுக்காமல் நின்றார்.

ஜூன் 17, திங்கள்

இன்று பேசினார்.

"கலைக்கதுக்கு இப்போ சட்டமே வந்துட்டு. ஆஸ்பத்திரியிலே செஞ்சுவிடுதாங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

"எதுக்கு?" சுவரை மறந்து அவரையே கேட்டுவிட்டேன்.

"உன் வயிறு தெரிஞ்சா வேலை போயிரும் பொன்மணி. வேலை போனா குவார்ட்டர்ஸும் போயிரும். ஹெப்சியக் கூட்டிக்கிட்டு எங்க போயி நிப்போம்?"

அவரே இன்னொரு வழியும் சொன்னார். ஊரில் போய்ப் பெற்றுக்கொள்ளலாமாம். வரும்போது என் தங்கச்சி பிள்ளையைத் தத்து எடுத்ததாகச் சொல்லிக்கொள்ளலாமாம்.

என் பிள்ளைக்கு நான் பெரியம்மா!

ஜூன் 18

இவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவரோடு வாழ்வதுதான் அதிகக் கஷ்டம். கெட்டவர் என்றால் விட்டுவிட்டுப் போக ஒரு காரணமாவது இருக்கும்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டுக்கும்.

ஜூலை 9

மாமி இரண்டு தடவை ஹெப்சியிடம் சொல்லி அனுப்பினார், அம்மா ஏன் வெளியிலேயே காணோம் என்று. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லச் சொன்னேன். இப்போது பிள்ளைக்கும் பழக்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஜாக்கெட் பிடிக்கிறது. பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "எவ்வளவு பிரிக்கணும்?" என்று கேட்டார். என்ன கேள்வி இது! "இன்னும் நாலு மாசம் இருக்கு" என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார். பான் கடைக்கோ?

ஆகஸ்ட் 5, திங்கள்

பான் கடைக்கு இல்லை. நேற்று இந்தியா கேட் வரை நடந்துவிட்டு வந்தாராம். இன்று காலையில் நேரே பெரிய ஆபீசர் அறைக்குப் போய், சர்டிபிகேட் பொய், ஆபரேஷன் பொய், பணம் சட்டாவுக்குப் போயிற்று என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

நான் சொல்லச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், இவர் சொல்வார் என்று நான் ஜெபிக்கக்கூட இல்லை. அந்த அளவுக்கு விட்டுவிட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் நிம்மதியும் இல்லை, பெருமையும் இல்லை. காய்ச்சல் விட்டவர்போல வியர்த்திருந்தது. காபி கொடுத்தேன்.

ஆகஸ்ட் 14

விசாரணையாம். யார் யாரையோ கூப்பிட்டுக் கேட்கிறார்களாம். வேலை நிலைக்குமா என்று தெரியாது.

ஆகஸ்ட் 27

வேலை நிலைத்தது. தானாக வந்து சொன்னதால். இரண்டு இன்க்ரிமென்ட் நிறுத்தம், எடுத்த பணத்தை மாதாமாதம் பிடிப்பார்கள், சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மை. சட்டா? விட்டுவிட்டேன் என்கிறார். நம்பவில்லை. நம்பாமலும் இல்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

மாமி வந்தார். வந்ததும் என் வயிற்றைத்தான் பார்த்தார். எனக்குப் போர்த்திக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"மாமி, அன்னைக்கு நான்—"

"சொல்லாதே. அன்னிக்கே தெரியும். வயித்துல தையல் போட்டவ அப்படிச் சட்டுனு முட்டியை மடக்கிண்டு சுருண்டு படுப்பாளோ? ஏதோ கஷ்டம், பொண்ணு மானத்தைக் காப்பாத்திக்கறான்னு வாயை மூடிண்டேன்."

அப்புறம் ஒரு விஷயம் சொன்னார். இவர் எனக்குச் சொல்லாத விஷயம். விசாரணையில் ஆபீசர், "உங்கள் மனைவியும் இதற்கு உடந்தையா? பார்க்கப் போனவர்களிடம் அவர் படுத்துக்காட்டினாராமே?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு இவர், "அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. அன்னைக்கு நெசமாவே காய்ச்சல், அதான் படுத்திருந்தா" என்றாராம். தட்சிணாமூர்த்தி சாரைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம். அவரும், "ஆமா சார், ஜுரம்தான்" என்றாராம்.

"இருபது வருஷத்துல எங்காத்துக்காரர் ஒரு பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆத்துக்கு வந்து தலைக்கு ஜலம் விட்டுண்டார்" என்றார் மாமி. கோபமா, சிரிப்பா, எனக்குப் பிடிபடவில்லை. போகும்போது என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் இவரையே கேட்டேன். ஹெப்சி ரேழியில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"எனக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களாமே?"

"ஆமா."

"எல்லா உண்மையும் சொல்லியாச்சுன்னீங்க?"

"உன்னை அங்க இழுக்க எனக்கு மனசு வரல. பொய்தான். வேணும்னா நாளைக்குப் போயி அதையும் சொல்லிருதேன்."

சொல்லியே விடுவார். அது முகத்தில் தெரிந்தது. மார்ச்சில் இந்த முகம் இல்லை. இவர் போய்ச் சொன்னால் நான் மாட்டுவேன், தட்சிணாமூர்த்தி சாரும் மாட்டுவார். சொல்லாவிட்டால் இந்த ஒன்று எங்களிடமே இருக்கும். இவருக்காக நான் சொன்ன பொய்யும் எனக்காக இவர் சொன்ன பொய்யும்.

"வேண்டாம்" என்றேன். "சாப்பிட வாங்க."

சோறு போடும்போது அழுகை வந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காதது நல்லதாகப் போயிற்று.

செப்டம்பர் 1, ஞாயிறு

திருவிருந்து. எல்லாரும் வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். இவர் எழுந்திருக்கவில்லை. ஆர்மோனியத்தை மூடிவிட்டு நானும் பந்திக்குப் போகாமல் இவர் பக்கத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐயர் ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்துவிட்டு, அடுத்தவருக்குக் கிண்ணத்தைக் கொடுத்தார்.

இவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். எனக்கு இப்போது இடம் கூடுதலாக வேண்டியிருக்கிறது.