அரக்கு நிறத்தில் ஒரு வேகவதி

என் அன்பு அக்காவுக்கு,

நீ மாற்றலாகிப் போன பிறகு உன் ஆறாம் வகுப்பை என்னிடம்தான் கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே அதே வேகவதி ஆறு. நாற்றம் மட்டும் கூடியிருக்கிறது.

போன வாரம் பள்ளியில் நதி பாதுகாப்பு விழா. வாடை தாங்கவில்லை என்று ஜன்னலைச் சாத்திவிட்டு உறுதிமொழி எடுத்தோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகளைக் கரைக்கே கூட்டிப்போகலாமா என்று முன்பே கேட்டிருந்தேன். காய்ச்சல் வந்தால் யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் கையை விரித்துவிட்டார். நீ மட்டும் வருஷா வருஷம் எப்படி அனுமதி வாங்கினாய்?

ஓவியப் போட்டியில் எல்லோரும் நீல ஆறு வரைந்தார்கள். தேவி மட்டும் அரக்கு நிறம் அடித்திருந்தாள். அவள் அப்பாவுக்குப் பட்டுச் சாயப்பட்டறையில் வேலை. பட்டறைக் கழிவு வந்து விழும் இடத்தில் தண்ணீர் அப்படித்தான் ஓடுகிறது, கண்ணால் பார்த்ததைப் போட்டிருக்கிறாள். தலைமையாசிரியர் படத்தைச் சுவரிலிருந்து எடுக்கச் சொன்னார்.

"ஆறுன்னா நீலமாத்தான்மா இருக்கணும்" என்றார்.

அதோடு விட்டதா? உங்கப்பாதான் ஆற்றைக் கெடுக்கிறார் என்று பிள்ளைகள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். இனிப் பள்ளிக்கே வரமாட்டேன் என்று அழுதாள்.

சமாதானம் சொல்லப் போனேன். விழா என்பதால் டீச்சர்கள் எல்லோரும் பட்டுப்புடவை. நான் கட்டியிருந்தது உன் கல்யாணப் புடவை, அக்கா. தேவி முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுவும் அரக்குதானே மிஸ்? அப்ப எங்கப்பா மட்டுமா கெடுத்தாரு?"

நான் யார் மேல் கோபப்படுவது? சாயம் போடுகிறவர் மேலா, கழிவை அப்படியே திறந்துவிடும் முதலாளி மேலா, இந்த நிறம்தான் வேண்டும் என்று கடைகடையாக ஏறி இறங்கிய நம் மேலா? நம் வீட்டுச் சாக்கடையும் அங்கேதானே போகிறது?

மறுநாளே படத்தைத் திரும்ப ஒட்டினேன். தலைமையாசிரியர் முறைத்தார், முறைக்கட்டும். பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போக வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் சம்மதம் வாங்கினேன், அப்புறம் அவரால் மறுக்க முடியவில்லை. முதலில் சரி என்றவர் தேவியின் அப்பாதான். தானும் கூட வருவதாகச் சொன்னார். தேவியும் வருகிறாள்.

திங்கட்கிழமை போகிறோம். உன் புடவையைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன். தேவியின் அப்பாவை நோக்கி யாரும் கைநீட்டும் முன், இந்தப் புடவையின் சாயமும் இங்கேதான் கலந்தது என்று பிள்ளைகளிடம் நானே சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. ஓரத்தில் சேறு பட்டால் கோபித்துக்கொள்ளாதே.

உன் புடவைக்கும் உன் வகுப்புக்கும் பொறுப்பான
தங்கை