பெயர் அழித்த வண்டி

திருச்செங்கோடு
4 நவம்பர் 2024

மதிப்புக்குரிய அன்புச்செல்வி அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் தெரியாத ஒருத்தி இப்படி எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். உங்கள் பயண வலைப்பூவை வெகுநாளாகப் படிக்கிறேன். ஒருமுறைகூடப் பின்னூட்டம் போட்டதில்லை. என்ன எழுதலாம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் நீங்கள் அடுத்த நாட்டுக்குப் போயிருப்பீர்கள்.

போன வாரம் ஜார்ஜியாவில் மெஸ் நடத்தும் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். டாக்டருக்குப் படிக்க வந்த பிள்ளைகளுக்கு அவர் அரிசிம்பருப்பு சாதம் ஆக்கிப் போடுவதைப் படித்து எனக்கு இங்கே பசித்தது. பெயரோ முகமோ இல்லாமல் கவனமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான்காவது பத்தியை மட்டும் எடுத்துவிட முடியுமா? அவருடைய அப்பா தன் போர்வெல் வண்டியின் முகப்பில் மகள் பெயரை எழுதியிருந்ததும், அவர் வீட்டை விட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்ட பிறகு அந்தப் பெயர்மேல் பச்சை பெயின்ட் அடித்ததும் அதில்தான் வருகிறது.

எங்கள் பக்கம் வண்டிக்கு மகள் பெயரை வைப்பது வழக்கம். வைத்த பெயரை யாரும் அழிப்பதில்லை. அழித்த வண்டி எது என்று இங்கே எந்த டீக்கடையில் கேட்டாலும் கை காட்டிவிடுவார்கள்.

காரணம் கேட்காமல் எடுத்துவிட்டால் நன்றியோடு இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி


யெரெவான், ஆர்மீனியா
5 நவம்பர் 2024

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மின்னஞ்சல் வந்தபோது விடுதித் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். ஊர் சுற்றி எழுதுகிறவள் என்றால் மலையும் கடலுமாக இருப்பாள் என்று நினைக்கிறார்கள். பாதிப் பொழுது இப்படித்தான் போகிறது. மீதிப் பொழுது போனுக்குச் சார்ஜ் போட இடம் தேடுவதில்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு உங்களை நம்பத் தயக்கமாக இருக்கிறது. போன வருடம் ஒருவர் அண்ணன் என்று சொல்லிக்கொண்டு, மலேசியாவில் நான் சந்தித்த ஒரு பெண்ணின் விலாசம் கேட்டார். அவர் அண்ணனே இல்லை. நீங்கள் கேட்டு நான் அந்தப் பத்தியை எடுத்தால், ‘ஆமாம், அவள்தான்’ என்று நானே சொன்னதாகிவிடாதா?

இன்னொன்றும் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டுரை ஒரு நாளிதழின் இணைப்பில் வருகிறது. மெஸ் வாசலின் போட்டோவும் கேட்டிருக்கிறார்கள். இன்று காலை வலைப்பூவிலும் அதை அறிவித்துவிட்டேன். நான் கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரி. ஏற்காட்டு பஸ் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் மலையேறும். கல்லூரிக்குப் போகும்வரை அதில் நான் ஏறியதில்லை. அப்படிப்பட்டவள் எழுதியது முதல்முறையாக அச்சில் வரப்போகிறது. என் அம்மாவுக்கு வலைப்பூ என்றால் என்னவென்று தெரியாது. பேப்பர் என்றால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். கட்டுரைக்கு உயிரே அந்தப் பத்திதான்.

நீங்கள் யார் என்று சொல்லுங்கள். பிறகு யோசிக்கிறேன்.

அன்புடன்,
அன்புச்செல்வி


திருச்செங்கோடு
6 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

என் பெயர் அகல்யா. அது எங்கள் வண்டி. அவள் என் அக்கா கயல்விழி.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். அங்குள்ள கம்ப்யூட்டரில்தான் இதை எழுதுகிறேன். என் போனை வீட்டில் வாங்கிப் பார்ப்பார்கள்.

அக்காவை அத்தை மகன் ஈஸ்வருக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவள் எங்கள் வண்டியில் மெக்கானிக்காக இருந்த நிலவனோடு போய்விட்டாள். அவர் வேறு சாதி. அடுத்த வாரமே அவருடைய அண்ணனின் பட்டறை எரிந்தது. யார் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. அது நல்லதாகவும் இருந்தது.

இன்று காலை அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஈஸ்வர் வந்தார். யாரோ அவருக்கு உங்கள் கட்டுரையை அனுப்பியிருக்கிறார்கள். நின்றபடியே நான்காவது பத்தியை வாசித்துக் காட்டினார்.

“மாமா, இது நம்ம வண்டியேதானுங்க.”

அப்பா தலை நிமிரவில்லை. “எந்த ஊருன்னு போட்டிருக்குது?”

“ஜார்ஜியான்னு மட்டுந்தானுங்க. ஞாயித்துக்கெழம பேப்பர்ல போட்டோவோட வருதாமா. கடை வாசலு தெரிஞ்சாப் போதுமுங்க, நான் பாத்துக்கறேன்.”

எனக்கு அவர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. இருந்தும், ஊரில் எத்தனையோ வண்டிக்குப் பெயர் மாற்றுகிறார்கள், இது யாரோ எவரோ என்றேன். ஈஸ்வர் சிரித்தார்.

“காலேஜ் படிச்ச புள்ள சொன்னாச் செரியாத்தான் இருக்கும். அப்பறம் எதுக்கு சாமி அழுவற?”

அழுதுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவர் ஆப்பிரிக்காவில் போர்வெல் வேலைக்குப் போய் வந்தவர். பாஸ்போர்ட் கையில் இருக்கிறது. ஜார்ஜியா விசாவுக்கு என்னையே எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான்தானே.

பச்சை பெயின்டுக்கு அடியில் எழுத்து இன்னும் மேடாகத்தான் இருக்கிறது அக்கா. வண்டி கழுவும்போது ஈரத்தில் கயல்விழி என்று முழுசாகப் படிக்கலாம். அதற்காகவே போய் நிற்பேன். அப்பா அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வருவதே இல்லை.

பேப்பரில் வராமல் செய்யுங்கள். அவளிடம் சொல்லிவிடுங்கள்.

அகல்யா


திபிலீசி, ஜார்ஜியா
8 நவம்பர் 2024

அன்பு அகல்யா,

வலைப்பூவிலிருந்து கட்டுரையை முழுதாக எடுத்துவிட்டேன். பேப்பரிலும் நிறுத்தியாயிற்று. அச்சுக்குப் பக்கம் கட்டிய பிறகு இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள். இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிறு காலையில் கடைக்குப் போய் நிற்பார்.

நேற்றே வேன் பிடித்துத் திபிலீசிக்குத் திரும்பி வந்தேன். போனில் சொல்ல மனம் வரவில்லை. உன் அக்கா வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் அடுப்பை அணைத்தார். “அதையுமா எழுதிட்டீங்க?” என்று கேட்டார்.

வலைப்பூவில் அந்தப் பக்கம் இப்போது இல்லை என்று போனில் காட்டினேன்.

“உங்க மூஞ்சியப் பாத்தா எல்லாத்தையும் சொல்லலாம்னு தோணுச்சுங்க,” என்றார். அவ்வளவுதான். வையவில்லை. வைதிருக்கலாம்.

எனக்குப் பேச வராது அகல்யா. சும்மா உட்கார்ந்திருப்பேன், எதிரே இருப்பவர்கள் தானாகப் பேசுவார்கள். இத்தனை நாடுகளில் அதை வைத்துத்தான் பிழைத்தேன். அதை ஒரு திறமை என்று நினைத்திருந்தேன்.

இன்று காலை இருவரும் இரண்டு பெட்டியோடு கிளம்பிவிட்டார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கார் ஏறும்போது உன் அக்கா, “பாப்பா நல்லாருக்கறாளா?” என்றார். நீ எழுதியதை, வண்டி கழுவும்போது போய் நிற்பதைச் சொன்னேன். அதுவரை அழாமல் இருந்தவர் அப்போதுதான் அழுதார்.

என்னால் உனக்கு ஏதும் கஷ்டம் வந்ததா? எழுது.

உன்,
அன்புச்செல்வி


திருச்செங்கோடு
16 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். உங்கள் அம்மா கோபித்துக்கொண்டாரா? அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஈஸ்வர் அங்கே போய்விட்டு வந்தார். படிக்கிற பையன்களை விசாரித்து மெஸ்ஸைக் கண்டுபிடித்திருக்கிறார். பூட்டிய கதவைப் போட்டோ எடுத்து வந்து அப்பாவிடம் காட்டினார். வாசலில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி காய்ந்து நின்றது. அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் பெயின்டரை வரவழைத்தார்கள். பச்சையைத் தகடுவரை சுரண்டினார்கள். அக்கா பெயரும் அதோடு போய்விட்டது. இனி எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் தெரியாது. அந்த இடத்தில் இப்போது என் பெயர் இருக்கிறது, மஞ்சளில், சிவப்புக் கரை கட்டி. தை மாதம் எனக்கும் ஈஸ்வருக்கும் கல்யாணம். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெயின்டர் மட்டும், “இனிஷியல் போடலாமா சாமி?” என்று கேட்டார்.

போடுங்க என்றேன்.

கல்லூரியில் கடைசி வருடம் எங்கள் வகுப்பு முழுவதற்கும் முகாம் வைத்துப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தார்கள். என்னுடையது வீட்டுக்கே வந்ததில்லை. நூலகத்தில் யாரும் தொடாத அகராதிகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஈஸ்வருக்கு விசா எழுதிக் கொடுத்தபோது அது எவ்வளவு சுலபம் என்று பார்த்துக்கொண்டேன்.

எப்போது, எங்கே என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். உங்களிடம் யாராவது வந்து கேட்டால் நீங்கள் பொய் சொல்ல வேண்டியிருக்காது அல்லவா. இனி இந்த முகவரிக்கு எழுத வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். முதல் கடிதத்திலிருந்து கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன். என்றைக்காவது ஏதோ ஒரு ஊரில் ஒரு பெண் உங்கள் எதிரே வந்து உட்காருவாள். அவளாகப் பேச்சை ஆரம்பிக்க மாட்டாள். நீங்கள் எப்போதும்போலச் சும்மா உட்கார்ந்திருங்கள், அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். கேட்டுக்கொள்ளுங்கள் அக்கா.

எழுத மட்டும் வேண்டாம்.

அகல்யா