ஐந்தரை மணி நேரம்

ஜூலை 8, செவ்வாய்
சாரல் விடவில்லை. துணி காயவில்லை.

ஜூலை 9
பேத்தி ஜெயபிரியா கம்பெனிக்குப் போகாமல் போனும் கையுமாக இருந்தாள். என்னவென்று கேட்டேன். குற்றாலத்து மூட்டு டாக்டரிடம் வருகிறவர்களுக்கு மெசேஜ் அனுப்பும் புரோகிராம் இவள் பொறுப்பு. பாதியைக் கம்ப்யூட்டரே எழுதித் தந்ததாம். உள்ளே நேரம் கிரீன்விச் கணக்கில், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். நம்ம ஊர் நேரமாக்கிவிட்டுத்தான் எழுத்தாக மாற்ற வேண்டும். அது அப்படியே எழுதிவிட்டது. பத்தரைக்கு வரவேண்டியவர்களுக்கு "காலை 05:00" என்று போய்விட்டது.

"திருத்தி இன்னொன்னு அனுப்பியாச்சு. ஆனா வயசானவங்க முதல்ல வந்ததைத்தான நம்புவாங்க? முப்பத்தெட்டு பேருக்கும் நானும் கூட வேலை பாக்குற நூர்நிஷாவும் போன் போடுதோம். ஒருத்தரை விட்டாலும் என் வேலை போயிரும் ஆச்சி. மேலகரத்து ஆச்சிக்கு நாளைக்குப் பத்தரைக்கு. அவங்களுக்கு மட்டும் நீங்க சொல்லிருங்க."

சரி என்றேன்.

மேலகரத்து ஆச்சி என்றால் சங்கரேஸ்வரி. என் வீட்டுக்காரரின் தங்கை. 1979 ஆவணி, ஆலங்குளத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் சோற்றைப் பிசைந்துவிட்டேன். "மாப்பிள்ளை வீட்டாளுக நிக்காக. நீ பொறவு தின்னலாம், எந்திரி மதினி" என்று தோளைப் பிடித்து எழுப்பினாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். இலையில் அவரைக்காய்க் கூட்டு. எச்சில் கையோடு நின்றேன்.

சாயங்காலம் ஜெயபிரியா, "சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"சொல்லிட்டேன்."

ஜூலை 10
நல்ல மழை. நாலரைக்கே விழித்துவிட்டேன். அவள் நனையட்டும் என்று படுத்திருந்தேன்.

அதே நாள், மத்தியானம்
ஆட்டோக்காரன் சங்கரேஸ்வரியை ஐந்து மணிக்கே டாக்டரின் பூட்டின கேட்டு முன்னால் இறக்கிவிட்டுப் போய்விட்டானாம். படியில் பாசி. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆறு மணிக்கு வாசல் கூட்டுகிறவள் வரும்வரை மழையில் கிடந்தாளாம். நனையட்டும் என்றுதானே நினைத்தேன் — விழச் சொன்னேனா நான்?

ஜூலை 14
சங்கரேஸ்வரி மகன் முத்துராஜ் கம்பெனி வாசலில் நின்று கத்தியிருக்கிறான். ஜெயபிரியா கொடுத்த பட்டியலில் அவள் பேருக்கு நேரே "சொல்லியாச்சு" என்று இருந்ததாம். பொய் எழுதிவிட்டாள் என்று இவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

வந்தவள் என் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"நீங்க போடவே இல்ல."

"மறந்துட்டேன் ஏட்டி."

"நீங்களா? எனக்கு மொட்டை போட்ட அன்னைக்கு யாரெல்லாம் வந்தாகன்னு இன்னும் சொல்லுவீங்க. நீங்களா மறந்தீங்க?"



ஜூலை 15
பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 29
மேலகரத்தில்தான் இருக்கிறாளாம். சங்கரேஸ்வரிக்குப் பீ, மூத்திரம் அள்ளுகிறாள். நான் சோறூட்டி வளர்த்தது அதற்குத்தானா? அவளையும் "ஆச்சி" என்றுதான் கூப்பிடுவாள்.

ஆகஸ்ட் 6
பதினேழு தடவை போட்டுவிட்டேன். ஜெயபிரியா எடுக்கவில்லை. சங்கரேஸ்வரி நம்பருக்கே போட்டேன். அது எனக்கு மனப்பாடம். எடுத்தாள்.

"பிள்ள குளிக்கா மதினி. நீ கூப்பிட்டேன்னு சொல்லிருதேன்."

சொல்ல மாட்டாள்.