வியாழக்கிழமைகளில் நீங்கள் பார்த்த பிரெஞ்சுப் படங்கள்

இஞ்சருங்கோ, என்ரை ராசா,

உங்களை இப்படிக் கூப்பிட்டு மூன்று மாதமாகிறது. தொடக்கத்தைப் பார்த்துவிட்டு முழுக்கடிதமும் இப்படியே இருக்கும் என்று குளிர்ந்துபோக வேண்டாம். உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்காமல் உங்கள் ஆன்மாவுக்காக ஒரு செபமாலைகூட என்னால் ஒழுங்காகச் சொல்லி முடிக்க முடியவில்லை. வியாழக்கிழமைகளில் எங்கே போனீர்கள்?

பலெர்மோவில் வீட்டு வேலை செய்கிற எல்லோருக்கும் வியாழன் மத்தியானத்துக்குப் பிறகு ஓய்வு. ஒரு கிழவரைப் பராமரிக்கிற உங்களுக்கு மட்டும் இல்லை என்றீர்கள். "கண் தெரியாத மனுசன், பிலோமினா. தனிய விடேலாது" என்றீர்கள். நான்கு வருடம் நம்பினேன். நாங்கள் இருக்கிற சீசாப் பகுதியில் எங்கள் கட்டடத்துச் சனம் சோடி சோடியாகக் கடற்கரைக்குப் போக, நான் வீட்டில் தனியே இருந்து உங்கள் சேட்டுகளுக்குப் பொத்தான் தைத்தேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கிழமை, உங்கள் கிழவரின் மகள் ஒரு பையோடு வந்தா. உங்கள் செருப்பு, கம்பளிச் சட்டை, அவற்றுக்குக் கீழே பதினொரு வீடியோ கசெற்றுகள். மேலட்டையில் துவாய் மட்டும் கட்டிய ஒரு பொம்பிளை. கட்டிலுக்கு அடியில் மீசை வைத்த ஒருவன். எல்லாம் பழைய பிரெஞ்சுப் படங்கள், இத்தாலிய மொழியில் குரல் கொடுத்தவை. "இதுகளையும் உங்களிட்டைக் குடுக்கச் சொல்லி அப்பா சொன்னவர்" என்றா. எனக்கு முகம் எரிந்தது. பேச்சை மாற்றுவதற்காக, "வியாழனிலைகூட லீவு எடுக்காமல் உங்கடை அப்பாவைப் பாத்தவர்" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

"வியாழனோ? வியாழன் அவருக்கு லீவு எல்லோ? பக்கத்து வீட்டுக்காரிதான் வந்து இருப்பா."

லீவாம். பக்கத்து வீட்டுக்காரியாம். கீழ்வீட்டு மாகிறற் அக்கா வேறு பையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆம்பிளையளை நம்பலாமோ, பிள்ளை? பதினொரு கசெற்! ஒண்டு ரெண்டே?" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினா. "வாயை மூடுங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டு வந்து, உங்கள் காற்சட்டைப் பைகளை ஒவ்வொன்றாகத் துழாவினேன். கிழவரின் வீட்டுப் பக்கம், பொலிதேயாமா போகிற பஸ் ரிக்கற்றுகள் அகப்பட்டன. வேலைக்குப் போகிறவனுக்கும் அதே பஸ்தானே என்று மனம் சொன்னது, ஆனால் கை தேடுவதை நிறுத்தவில்லை. க்வெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் இங்கே இருப்பதற்கான பெர்மெஸ்ஸோ அனுமதியைப் புதுப்பிக்கப் போனபோது விதவை என்று எழுதினார்கள். எப்படிப்பட்ட மனுசனுக்கு விதவை என்று தெரியாமல் கையெழுத்து வைத்தேன்.

பிறகு படங்களையே பார்ப்பது என்று முடிவெடுத்தேன். துப்புத் தேடத்தான், வேறு ஒன்றுக்குமில்லை. கதவைப் பூட்டி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, திருஇருதயப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

என்ன படங்கள் அவை! எல்லாவற்றிலும் ஒரு பெரிய கட்டில் வருகிறது, ஒருவராவது அதில் நிம்மதியாகப் படுப்பதில்லை. நெருங்கி வருகிற நேரம் பார்த்து வாசல் மணி அடிக்கும். ஒருவன் அலுமாரிக்குள், ஒருவன் யன்னலுக்கு வெளியே. அரைகுறை உடுப்போடு ஓடுகிறவனும் வழியில் ஒரு கிழவியைக் கண்டால் நின்று, குனிந்து, கையில் முத்தம் வைத்துவிட்டுத்தான் ஓடுகிறான். எங்கள் படங்களில் மனுசன் வேறு பக்கம் போனால் மனுசி மாதாவிடம் போய் ஒப்பாரி வைப்பாள், யாராவது நஞ்சு குடிப்பார்கள். இங்கே அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சிரித்துக்கொண்டே ஆளைப் பிடிக்கிறாள். முதல் படத்துக்கு "வெக்கங்கெட்டதுகள்" என்றேன். மூன்றாவதில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஐயோ, அந்தச் சிரிப்போடு எனக்கு வந்த ஆத்திரம்! இப்படிச் சிரிக்கத்தான் என்னை விட்டுவிட்டு யாரோடோ போய் இருந்தீர்களா?

போன வியாழன், கசெற்றுகளைத் திருப்பிக் கொடுக்கிற சாட்டில் அந்த வீட்டுக்குப் போனேன். நல்ல சேலை உடுத்தித்தான் போனேன். எவளோ ஒருத்தி கதவைத் திறப்பாள், அவளுக்கு முன்னால் குறைந்து நிற்கக் கூடாது என்று. பக்கத்து வீட்டுக்காரிதான் திறந்தா. எண்பது வயதிருக்கும். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் பின்னல் ஊசி. "அந்தோனியோவின்ரை மனுசியோ? நல்ல பிள்ளை அவன். தன்ரை லீவு நாளிலை வந்து, என்னை வீட்டுக்குப் போகச் சொல்லுவான்" என்று என் கன்னத்தைத் தடவினா.

ஆக, நீங்கள் போனது கிழவரிடம்தான். உங்கள் ஓய்வு நாளில், நீங்களாகவே. எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னொருத்தி என்றால் தலைமயிரைப் பிடித்துச் சண்டையாவது போடலாம். நான் தனியே இருந்த நான்கு வருட வியாழன்களை ஒரு கிழவரோடு சிரித்துக் கழித்திருக்கிறீர்களே, இதற்கு நான் யாரோடு சண்டை பிடிப்பது?

கிழவர் என்னை இருக்கச் சொன்னார். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தியேட்டரில் முப்பது வருடம் ரிக்கற் கிழித்தவராம். கதவுக்கு வெளியே நின்று உள்ளே சனம் சிரிக்கிறதைக் கேட்டாரே தவிர, ஒரு படமும் முழுதாகப் பார்த்ததில்லை. வேலையை விட்டுப் பார்க்கலாம் என்ற நேரத்தில் சீனி வருத்தம் கண்ணைப் பறித்துவிட்டது. "கதைக்கிறது எனக்குக் கேக்கும். என்ன நடக்குது எண்டு அந்தோனியோதான் சொல்லுவான். ஒண்டைப் போடு பிள்ளை, கொஞ்சம் சொல்லு" என்றார்.

போட்டேன். மணி அடித்தது. "ஒரு பொம்பிளை கதவைத் திறக்கிறா" என்றேன்.

"எப்படி இருக்கிறா?"

"மஞ்சள் தலைமயிர். கட்டையா வெட்டினது."

கிழவர் தலையை ஆட்டினார். "இல்லையே. கறுத்த தலைமயிர், இடுப்பு வரைக்கும் பின்னல். வலது கையிலை அயன்பெட்டி சுட்ட தழும்பு. கோவம் வந்தா ஒற்றைப் புருவத்தை மட்டும் தூக்குவா. எல்லாப் படத்திலையும் அவதான்."

என் வலது கையைச் சேலைக்குள் மறைத்தேன், அவருக்குக் கண் தெரியாது என்பதையும் மறந்து.

"முப்பது வருசம் போஸ்டருக்குக் கீழை நிண்டவன் நான். அப்படி ஒரு நடிகை பிரான்சிலை இல்லை எண்டு எனக்குத் தெரியாதோ?" என்று கிழவர் சிரித்தார். "உன்னையும் கூட்டிக்கொண்டு வா எண்டு எத்தினை தரம் சொன்னனான். 'இந்தப் படங்களைக் கண்டா என்னை வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டா' எண்டு பயந்தவன்."

எடுத்திருக்க மாட்டேன்தான். ஒத்துக்கொள்கிறேன். படத்தின் மிச்சம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. "என்ன நடக்குது, என்ன நடக்குது?" என்று கிழவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

ஆனால் என்னை அவ்வளவு லேசாக ஏமாற்றிவிட முடியாது. பதினொரு படத்தையும் பார்த்தவள் நான். ஆறு படத்தில் நீங்கள் என் முகம் வைத்த அந்தப் பொம்பிளை குளிக்கிறாள். ஒன்றில் துவாயோடு பல்கனியால் இறங்குகிறாள். அந்த இடங்களில் என்ன சொன்னீர்கள்? எதுவரைக்கும் சொன்னீர்கள்? கிழவரிடமே கேட்டேன். "அந்த இடம் வந்தா அந்தோனியோவுக்கு இருமல் வந்திடும்" என்றார். சொல்லும்போது அவருடைய காது சிவந்தது. நான் நம்பவில்லை. எல்லாப் படத்திலும் ஒருவனுக்கு இருமல் வருமா?

இனி வியாழன்தோறும் வருவேன் என்று கிழவருக்குச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் ஒரு வாக்குத் தருகிறேன். அலுமாரிக்குள் ஒளிக்கிறவன் படத்தில் நெட்டையாக, வடிவாக இருப்பான். கிழவருக்கு நான் அவனைக் கட்டையன் என்பேன், உச்சியில் வழுக்கை என்பேன், சேட்டின் மேல் பொத்தானை உங்களைப் போல எப்போதும் பிழையாகப் பூட்டியிருப்பான் என்பேன். பிறகு மனுசி வந்து அலுமாரியைத் திறப்பாள். படத்தில் அவள் குடையால் அடிக்கிறாள். "என்ன நடக்குது?" என்று கிழவர் கேட்பார். அவளும் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று சொல்லுவேன்.

இன்னமும் உங்களை நம்பாத,
உங்கள் மனுசி பிலோமினா