போயிட்டு வாரேன்

ஜூன் 8, ஞாயிறு

இன்று மட்டும் மூன்று கேக். திருவனந்தபுரத்தில் வீட்டில் யாருக்காவது பிறந்த நாள் வந்தால் குழந்தைகள் இல்லத்தில் ஒரு நேரச் சாப்பாடு போடுவது வழக்கமாம். நல்ல வழக்கம்தான். ஆனால் பிள்ளைகள் ஆறிப்போகிற பிரியாணிக்கு முன்னால் நின்றுகொண்டு, தொந்தி சரிந்த ஓர் ஆளுக்கு ஹாப்பி பர்த்டே பாட வேண்டும். போட்டோ சரியாக விழவில்லை என்று மறுபடியும் ஒரு தரம் பாடச் சொன்னார்கள். சாயந்திரம் ஆதிரா வாந்தியெடுத்தாள். நான்தான் துடைத்தேன். க்ரீம் வாடை கையை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

மலேசியாவிலிருந்து விமானம் ஏறி நான் சேவை செய்ய வந்த லட்சணம்.

ஜூன் 11

இங்கே எல்லாப் பிள்ளைகளும் மலையாளம். பொன்முடி தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்த ஆதிராவுக்கு மட்டும் தமிழ்தான் வாயில் வருகிறது. ஏழு வயது. என் சுடிதார் நுனியைப் பிடித்தபடியே அலைகிறாள்.

ஜூன் 14, சனி

நன்கொடை தருகிற வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தார்கள். அலமாரியில் நல்ல கவுன் மடித்து வைத்திருக்க, ஆதிராவுக்குத் தோள் கிழிந்ததை மாட்டிவிட்டார் மானேஜர் சுனில். அம்மா எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். பிள்ளை சொன்னாள்: "அம்மா போயிட்டு வாரேன்னு சொல்லிச்சு."

சுனில் அதை ஆங்கிலத்தில் சொன்னார் — தாய் இறந்துவிட்டாள்!

ஒரு வெள்ளைக்காரி அழுதாள். ஆதிரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 15

கேட்டேவிட்டேன். சுனில் சிரித்தார். "போயின்னு சொன்னா அதானே அர்த்தம், மேடம்? உங்க தமிழ்லயும் அப்படித்தானே?"

அப்படித்தான். செத்தவர்களைப் போய்விட்டார் என்போம். ஆனால் திரும்பி வருகிறவர்கள்தானே "போயிட்டு வாரேன்" என்பார்கள்? பாதி வாக்கியத்தை வெட்டி எறிந்துவிட்டு ஒரு தாயைக் கொன்றுவிட்டான் மனுஷன். தூ.

ஜூன் 17

சமையல்காரம்மா செல்லபாய் பாறசாலைக்காரர். தாயைத் தள்ளை என்பார். பாத்திரம் தேய்த்துக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார்: "அவளுக்க தள்ளை உயிரோடதான் இருக்கா மக்களே. போன மாசம்கூட பிள்ளையக் கூட்டிட்டுப் போவ வந்தா. மழையில நிக்க வச்சே திருப்பி விட்டுட்டாரு."

தாய் நோயில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது விட்டுப்போன பிள்ளையாம். இப்போது உடம்பு தேறிக் கொழுந்து பறிக்கப் போகிறாளாம். பரீட்சை முடியட்டும், பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்று சுனில் இழுத்தடிக்கிறார். காட்டுவதற்கு ஓர் அனாதை வேண்டுமே!

பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? அவளுக்கு என்ன சொல்வது — அவளுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.

ஜூன் 18

அடுத்த விருந்தாளிகள் 28-ஆம் தேதி வருகிறார்களாம்.

ஜூன் 28, சனி

மறுபடி விருந்தாளிகள். மறுபடி கிழிந்த கவுன். அதே கேள்வி, அதே பதில். இந்தத் தடவை சுனில் வாயைத் திறக்குமுன் நான் முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மா பொன்முடியில் இருக்கிறாள், வந்தபோது வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்தேன். யாரும் போட்டோ எடுக்கவில்லை.

ராத்திரிக்குள் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார். தம்பானூரில் ஒரு லாட்ஜ். செல்லபாய் ஆதிராவின் அம்மாவுடைய போன் நம்பரைக் கையில் திணித்தார்.

ஜூலை 3

குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் அந்த அம்மாவோடு போய் உட்கார்ந்தேன். மலையாளத்தில் தைரியமாகப் பேசிக்கொண்டே வந்தவள், பிள்ளை பேரைச் சொன்னதும் தமிழுக்கு மாறிவிட்டாள். விசாரிக்கிறோம் என்றிருக்கிறார்கள்.

ஜூலை 8

ஒன்றும் தெரியவில்லை. மழை. விசா வேறு முடியப்போகிறது. எனக்கு என்ன வந்தது, பேசாமல் போய்த் தொலையலாமே?

ஜூலை 12, சனி

உத்தரவு வந்துவிட்டது. இல்லத்து வாசலில் ஆதிரா நல்ல கவுனில் நின்றாள். சுனில் வெளியே வரவில்லை. செல்லபாய் கழுத்தில் ஒரு முத்தம். பிறகு என்னிடம் ஓடி வந்து, "போயிட்டு வாரேன் அக்கா" என்றாள்.

"போ. இங்க வராத" என்றேன்.

கிளம்புகிற பிள்ளையிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா? அவள் அம்மா திடுக்கிட்டாள். அப்புறம் புரிந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆதிரா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நீங்க அங்க வாங்க."

எனக்குச் செவ்வாய்க்கிழமை விமானம். இருந்தும் "வாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் விசாரித்தேன். திங்கட்கிழமை விடிகாலையில் பொன்முடிக்கு ஒரு பஸ் உண்டாம்.