நீ மாற்றச் சொன்ன மூன்று

நீ கண்மூடிய பிறகு, உன் பழைய கைபேசி இன்று காலை என் மேசைக்கு வந்தது. வலது மூலையில் அந்த விரிசல் அப்படியே இருக்கிறது. நான் கேட்டேன் என்று உன் வீட்டுக்காரர் வலியசாலையிலிருந்து ஆபீஸுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் போய்விட்டார். செயலியைத் திறந்தேன். 'கொடுத்தாயிற்று' என்ற அந்த நீலப் பொத்தானும் அப்படியே இருந்தது.

நம் வேலை என்னவென்று ஆரியசாலையில் என் அம்மாவுக்கு இன்றுவரை புரியவில்லை. "ரெண்டு பேரும் ஃபோனைக் குத்தம் சொல்லிச் சம்பளம் வாங்குதியோ" என்பாள். அதுவும் சரிதான். வீட்டில் படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு மருந்து கொடுக்கிறவர்களுக்கான செயலி இது. வகுத்துவைத்த சில விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு திரையாகப் பார்ப்போம், நீ தனியாக, நான் தனியாக. கண்ட குறை ஒவ்வொன்றுக்கும் அதன் கடுமையைப் பொறுத்து ஒரு மதிப்பெண், நான்குதான் உச்சம். நான்கு போட்டால், அதைச் சரிசெய்யாமல் செயலியை வெளியே விடக்கூடாது. முடியும்வரை உன் பக்கம் எட்டிப் பார்க்க விடமாட்டாய். "அடுத்தவ மார்க்குல கை வைக்காதேடீ. அப்புறம் ரெண்டு பேர் எதுக்கு?"

நெட் மெதுவாக இருக்கும்போது அந்தப் பொத்தானை அழுத்தினால் திரையில் ஒன்றும் அசையாது. அதற்கு நீ மூன்று போட்டாய். நானும் மூன்று.

பிறகு நீயே படுக்கையில் விழுந்தாய். முன்னோட்டமாகச் சில வீடுகளுக்குச் செயலியைக் கொடுத்தபோது உன் வீடும் அதில் ஒன்று.

அன்று மத்தியானம் உன் வீட்டுக்காரர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான்தான் உன் பக்கத்தில் இருந்தேன். உனக்கு வலி ஏறியது. மருந்துப் புட்டியைக் கையில் எடுத்தபிறகு திரையைப் பார்த்தால், மத்தியான வேளை கொடுத்தாயிற்று என்று பச்சையாகக் காட்டியது.

"தரலைடீ. நேக்குத் தெரியாதா?" என்றாய்.

இரண்டாம் முறை கொடுத்து உன் மூச்சு அடங்கிப்போனால்? உன்னைப் பார்க்க வரும் நர்ஸை ஃபோனில் கூப்பிட்டேன். அவளும் தன் திரையைப் பார்த்தாள். "ஆப்ல கொடுத்ததாட்டு காணுது சேச்சி. இனி கொடுக்கண்டா" என்று தடுத்தாள். உன் வீட்டுக்காரரின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. நீ தலையணை உறையைக் கடித்துக்கொண்டிருந்தாய். நான் புட்டியைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். அப்படி ஒரு பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அவர் வந்தபிறகுதான் தெரிந்தது. காலையில் மருந்து கொடுத்துவிட்டு அழுத்தியிருக்கிறார். திரை அசையாததால் இன்னொரு தரம் அழுத்தியிருக்கிறார். அந்த இரண்டாவது, மத்தியானக் கணக்கில் ஏறிவிட்டது. மருந்து உள்ளே போய் வலி தணிந்ததும் நீ பேசிய முதல் பேச்சு, "எழுதிக்கோ. அது மூணு இல்லை, நாலு." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இன்று மீட்டிங்கில் அதைத்தான் சொன்னேன். நம் மேனேஜர் உன் பழைய மதிப்பெண்ணைக் காட்டினார். "அவங்களே மூணுதான் போட்டிருக்காங்க சேச்சி. திங்கக்கிழமை ரிலீஸ் வெச்சாச்சு. அடுத்த அப்டேட்ல சரியாக்கலாம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆபீஸ் வைஃபையைச் சேர்க்காமல், உன் பழைய சிம்மின் நெட்டிலேயே கைபேசியை அவர் முன்னால் நகர்த்தினேன். "காலை மருந்து கொடுத்தாச்சுன்னு வையுங்க. அழுத்துங்க." அழுத்தினார். திரை அசையவில்லை. தன்னை அறியாமல் மறுபடி அழுத்தினார்.

"இப்ப மத்தியான மருந்தைப் பாருங்க" என்றேன்.

பச்சையாக இருந்தது. "நாலுன்னு எழுதிட்டா நிறுத்தித்தான் ஆகணும்" என்றார், மெதுவாக.

"எழுதுதேன்" என்றேன்.

நீ மாற்றச் சொன்ன மூன்றை நான் மாற்றவில்லை. அடுத்தவர் மார்க்கில் கை வைக்காதே என்று சொன்னவளும் நீதானே. என்னுடைய மூன்றை அடித்து நான்கு போட்டேன். பக்கத்தில் காரணம் எழுத இடம் விட்டிருந்தது. எந்த விதியும் அப்போது நினைவுக்கு வரவில்லை. உன் குரல்தான் காதில் நின்றது. இப்படி எழுதினேன்: நோயாளி 'தரவில்லை' என்றார். திரை 'கொடுத்தாயிற்று' என்றது. நாங்கள் திரையை நம்பினோம்.